உத்திரமேரூர் குடவோலையில் பெயர் எழுத ‘கால் வேலி’ நிலம் ஏன்? முதலாம் பராந்தகச் சோழனின் கதை

தேர்தல் தேதி அறிவித்தால் போதும், நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். கல் சுவர் முழுக்கப் பழைய எழுத்து, பக்கத்தில் ஒரு பானை, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழன் ஓட்டுப் போட்டான் என்று கீழே ஒரு வரி. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலும் அந்தக் கல்வெட்டு வந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு. பானை எல்லோருக்கும் தெரியும். அது எந்த ராஜா காலத்துப் பானை என்று கேட்டால் பாதிப் பேர் ராஜராஜன் என்பார்கள்.

ராஜராஜன் இல்லை. அவனுடைய கொள்ளுத் தாத்தா முதலாம் பராந்தகன். கி.பி. 907 முதல் 955 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆண்டவன். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: சுந்தர சோழனுக்கு இவன் தாத்தா.

அந்தப் படத்தில் வராத ஒரு விஷயமும் அதே கல்வெட்டில் இருக்கிறது. பானைக்குள் உங்கள் பெயர் போக வேண்டுமானால், வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அதாவது, ஜனநாயகக் கல்வெட்டு என்று நாம் கொண்டாடுவது அடிப்படையில் ஒரு நிலவுடைமைக் கல்வெட்டும்கூட. இதைப் புரிந்துகொள்ளப் பராந்தகன் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கணும்.

அப்பா வென்ற நாடு, வேறொருவர் கொடுத்த நிலம்

பராந்தகனின் அப்பா முதலாம் ஆதித்தன். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல்லவ மன்னன் அபராஜிதனைத் தோற்கடித்து, காஞ்சிபுரத்தைச் சுற்றியிருந்த தொண்டை மண்டலத்தைச் சோழர் கைக்குக் கொண்டுவந்தவன். காளஹஸ்தி பக்கத்தில் தொண்டைமானாற்றூரில் ஆதித்தன் இறந்தபோது, அந்த இடத்தில் ஒரு சிவன் கோயில் எடுப்பித்தான் மகன். பள்ளிப்படை என்று இதைச் சொல்வார்கள்.

அப்பா விட்டுப்போன சொத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தொண்டை மண்டலத்தின் நல்ல நிலங்களில் ஒரு பகுதியைப் பல்லவ ராஜாக்கள் ஏற்கெனவே தானமாகக் கொடுத்து முடித்திருந்தார்கள். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர் பிரமதேயம், கோயிலுக்குக் கொடுத்தது தேவதானம், சமணப் பள்ளிகளுக்குக் கொடுத்தது பள்ளிச்சந்தம். உத்திரமேரூர் இதில் முதல் வகை. 8-ஆம் நூற்றாண்டில், நந்திவர்மப் பல்லவன் காலத்தில் உருவான சதுர்வேதிமங்கலம். அதன் பெரிய ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். அதுவும் பல்லவப் பெயர்தான்.

ஆட்சி மாறினால் பழைய பட்டா செல்லுமா, செல்லாதா? இன்றைக்கும் நம் ஊரில் ஒரு வீட்டு மனை வாங்கும்போது இதே பயம்தானே. தோற்ற ராஜா கொடுத்ததை ஜெயித்த ராஜா ரத்து செய்திருக்கலாம், படை பலம் இருந்தது. உத்திரமேரூரில் சோழர்கள் அப்படிச் செய்யவில்லை. பல்லவர் காலத்துச் சபை சோழர் காலத்திலும் அதே இடத்தில் கூடியது, அதே நிலத்தை நிர்வகித்தது. ராஜா பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ராஜா எப்படி நிலம் கொடுத்தார்?

இது சுவாரஸ்யமான நடைமுறை. ராஜா வாயால் ஒரு உத்தரவு சொல்வார். அதைக் கேட்டு ஓலையில் எழுதுகிறவர் தனி அதிகாரி. அந்த ஓலை, சம்பந்தப்பட்ட நாட்டின் நாட்டாருக்குப் போகும். இங்கே நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்த ஒரு சின்ன நிர்வாகப் பகுதி, நாட்டார் அதன் நிலக்கிழார்கள். அவர்கள் எழுந்து நின்று ஓலையை வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பிறகு கொடுக்கப்படும் நிலத்தைச் சுற்றி வருவார்கள். பிற்காலச் சோழச் செப்பேடுகளில் ஒரு பெண் யானையை நடத்தி எல்லை காட்டுவதாக வரும். அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளிச்செடியும் நட்டு எல்லை குறிப்பார்கள். கள்ளி ஏன்? ஆடு மாடு மேயாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சுலபத்தில் சாகாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சர்வே கல்லுக்குப் பக்கத்தில் உயிர் வேலியும் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் எழுத்து வேலை. நாட்டார் அறையோலை எழுதிக் கொடுப்பார்கள். நான்கு எல்லை, உள்ளே இருக்கும் நன்செய், புன்செய், குளம், புற்று, மன்று, கன்று மேயும் தரை என்று எல்லாம் அதில் வரும். உடும்பு ஓடுகிற மேட்டு நிலமும் ஆமை ஊர்கிற ஈர நிலமும் சேர்த்துத்தான் தருகிறோம் என்று எழுதுவது வழக்கம். ஒரு அங்குலம்கூட விடவில்லை என்பதைச் சொல்ல இதைவிட அழகான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நிலத்தோடு உரிமைகளும் போகும். சுட்ட செங்கல்லால் மாடி வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சலாம், செங்கழுநீர் நடலாம். இதற்கெல்லாமா அனுமதி என்று தோன்றும். ஆமாம், மற்றவர்களுக்கு இவற்றில் பலவற்றுக்கு ராஜாவிடம் அனுமதி வேண்டும், சிலவற்றுக்கு வரியும் உண்டு. பல்லவர் காலத்தில் குவளைப் பூ நட்டால்கூட வரி இருந்தது. சொத்து என்பது அப்போது ஒரே முழுப் பொருளாக இல்லை. உழுகிற உரிமை, மேலிருந்து விளைச்சலில் பங்கு வாங்குகிற உரிமை, வரி வாங்குகிற உரிமை என்று அடுக்கடுக்காக இருந்தது. காராண்மை, மீயாட்சி என்று கல்வெட்டுகள் இதைப் பிரித்துச் சொல்லும். ராஜா தானம் செய்யும்போது இந்த அடுக்குகளில் எதை எல்லாம் கொடுக்கிறார் என்பதுதான் ஆவணத்தின் உயிர்.

இதே ஆவணங்களில் கண் உறுத்துகிற ஒரு சின்னத் தொடரும் உண்டு: முன்பு பெற்றவரை மாற்றி, குடி நீக்கி. பல பல்லவ, சோழச் செப்பேடுகளில் இது வரும். அந்த நிலத்தை அதுவரை வைத்திருந்தவரை, உழுதுகொண்டிருந்தவரை வெளியேற்றிவிட்டுப் புதியவருக்குத் தருவது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை, குடி நீங்காமல் கொடுத்த தானங்களும் ஏராளம். ஆனால் குடி நீக்கப்பட்டவர் எங்கே போனார், என்ன ஆனார் என்று ஒரு செப்பேடும் எழுதி வைக்கவில்லை. வாங்கியவர் பெயர், கோத்திரம், சூத்திரம், பங்கு எல்லாம் வரிசையாக இருக்கும்.

மதுரை வேண்டும், மணிமுடியும் வேண்டும்

பராந்தகனுக்கு வருவோம். பட்டத்துக்கு வந்த சூட்டோடு அவனுக்கு ஒரு வழக்கு காத்திருந்தது. சொத்துத் தகராறுதான், ஆனால் ராஜ்ஜியம் அளவில். ஆதித்தனுக்கு ராஷ்டிரகூட இளவரசி ஒருத்தி வழியாகக் கன்னரதேவன் என்று இன்னொரு மகன். பேரனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை என்று ராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணன் படையோடு வந்தான். வல்லம் என்ற திருவல்லத்தில், இன்றைய வேலூர்ப் பக்கம், சண்டை நடந்தது. பராந்தகன் ஜெயித்தான். கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதி அவனுக்குத் துணை நின்றான்.

துணை நின்றவனுக்குப் பரிசு வேண்டுமே. பாணர்கள் கையிலிருந்த நாட்டைப் பிடித்துப் பிருதிவீபதிக்குக் கொடுத்துவிட்டான் பராந்தகன், பட்டப் பெயரோடு. இந்தப் பிருதிவீபதி பின்னால் வாணியம்பாடி பக்கத்து உதயேந்திரம் பிராமணர்களுக்கு ஒரு ஊரைத் தானம் செய்தான். அந்தச் செப்பேடு இன்றும் இருக்கிறது. அதில் கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, தன் கையில் உள்ள நாட்டில் ஊர் கொடுக்கவும் அவன் பராந்தகனின் அனுமதி பெற்றிருக்கிறான். இன்னொன்று, அந்த ஊருக்குள் திகம்பர சமணர்களுக்கு முன்பே உரியதாக இருந்த நிலத்தை விலக்கிவிட்டு மீதியைத்தான் கொடுத்திருக்கிறான். ஒருத்தருக்கு ஏற்கெனவே கொடுத்ததை அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியவில்லை. ராஜாவையும் கட்டுப்படுத்துகிற ஒரு வழக்கம் மெதுவாக உறைந்துகொண்டிருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இதற்கு நடுவில் தெற்கே மதுரை. பாண்டியன் ராஜசிம்மனைத் தோற்கடித்து மதுரையைக் கொண்ட கோப்பரகேசரி என்று தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டான். கல்வெட்டுகளில் மதிரை என்றுதான் எழுதியிருப்பார்கள். இலங்கை மன்னன் ஐந்தாம் காசியபன் பாண்டியனுக்குப் படை அனுப்பினான். 915-ஐ ஒட்டி வெள்ளூரில் நடந்த போரில் இரண்டு படையும் சேர்ந்தே தோற்றன. இலங்கைத் தளபதி கொள்ளை நோயில் செத்துப்போனதால் மிச்சப் படை திரும்பிவிட்டது என்று மகாவம்சம் சொல்கிறது. பாண்டியன் இலங்கைக்கு ஓடி, தன் மணிமுடியை அங்கேயே விட்டுவிட்டு, அம்மா ஊரான கேரளத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அந்த முடிதான் பராந்தகனை வாழ்நாள் முழுக்க உறுத்தியது. மதுரை கையில் இருக்கிறது, ஆனால் மதுரையின் முடி இல்லை. மூலப் பத்திரம் இல்லாமல் வீட்டில் குடியிருப்பது மாதிரி. கடைசிக் காலத்தில், 940-களில், முடியைக் கேட்டு இலங்கைக்குத் தூது அனுப்பினான். தரவில்லை, படை அனுப்பினான். இலங்கை மன்னன் முடியைத் தூக்கிக்கொண்டு தெற்கே ரோகணக் காட்டுக்குள் போய்விட்டான். சோழப் படை வெறுங்கையோடு திரும்பியது. எழுபது வருஷம் கழித்துப் பேரனின் பேரன் ராஜேந்திரன்தான் அதைக் கொண்டுவந்தான்.

919, 921: உத்திரமேரூரில் நடந்தது என்ன?

இப்படி வடக்கும் தெற்கும் சண்டை ஓடிக்கொண்டிருந்த ஆட்சியின் 12-ஆம் வருஷம், 919-இல், உத்திரமேரூர்ச் சபை கூடியது. ராஜாவின் ஆணையோடு தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று விதி போட்டார்கள். ஆனால் அது சரியாக வரவில்லை போல. இரண்டே வருஷத்தில், 921-இல், இன்னொரு அதிகாரி சோமாசிபெருமான் முன்னிலையில் மறுபடி கூடித் திருத்தினார்கள். முதலில் 30 முதல் 60 வயது என்று இருந்ததை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். தகுதி நீக்கப் பட்டியலை நீளமாக்கினார்கள். நம் சட்டமன்றத்தில் திருத்த மசோதா வருவது போலத்தான்.

ராஜா விதியைக் கையில் கொடுத்தாரா, சபை தானே எழுதியதா? கல்வெட்டு, சபையார் நாங்கள் செய்த ஏற்பாடு என்ற தோரணையில்தான் பேசுகிறது. அதிகாரி கூட இருந்தார், ஆணையும் இருந்தது. பராந்தகன் ஜனநாயகத்தைக் கண்டுபிடித்தான் என்று சொல்வதும் மிகை, அவனுக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் மிகை. போர் நடத்துகிற ராஜாவுக்கு வரி ஒழுங்காக வரணும். வரி வர ஏரி நிறையணும், கணக்கு நேராக இருக்கணும். ஊர்க் காசைக் கையாள்பவர்கள் கணக்கே காட்டாமல் போனால் ஊருக்கும் நஷ்டம், அரசுக்கும் நஷ்டம். அரசின் அக்கறையும் ஊரின் அக்கறையும் அந்த இடத்தில் ஒன்று சேர்ந்தன.

முறை இதுதான். ஊரில் 30 குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. குடும்பு வாரியாகத் தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதித் தனித்தனிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சபை முழுக்க, சின்னவர் பெரியவர் எல்லாரும், கோயில் நம்பிமார்கள் உட்பட, கூடியிருக்க வேண்டும். ஒரு பெரியவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்கி அதிலிருந்து ஒரே ஓலை. மத்தியஸ்தர் அதை ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வேறு ஓலை மறைத்து வைக்க வழி இல்லை பாருங்கள். வாங்கியதும் அவர் வாசிக்க, நம்பிமார்களும் வாசிக்க, அதன் பிறகுதான் பெயர் உறுதி.

கவனியுங்கள், இதில் ஓட்டே இல்லை. இது குலுக்கல். இரண்டு பேரில் யார் வேண்டும் என்று யாரும் கேட்கப்படவில்லை. பழைய ஏதென்ஸிலும் பல பதவிகளைக் குலுக்கிப் போட்டுத்தான் நிரப்பினார்கள். குலுக்கலில் காசு கொடுத்து ஜெயிக்க முடியாது என்பது அதன் பலம்.

முப்பது பேர் கிடைத்ததும் அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் இரண்டுக்கும் தனிக் குலுக்கல், ஆளுக்கு 6. பதவி 360 நாள். தப்பு செய்தால் நடுவிலேயே தூக்கிவிடலாம். ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருஷத்துக்கு வர முடியாது.

யார் வரக்கூடாது என்ற பட்டியல்தான் எனக்குப் பிடித்த பகுதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அதோடு நிற்கவில்லை. அவருடைய அப்பா, மகன், சித்தி பையன், பெரியம்மா பையன், அத்தை பையன், மாமா பையன், மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரி பிள்ளை என்று வரிசையாக எல்லாரும் அவுட். பினாமி என்ற சொல் இல்லாத காலத்தில் பினாமி ஒழிப்புச் சட்டம் எழுதியிருக்கிறார்கள். திருடியவர், கள்ளக் கையெழுத்துப் போட்டவர், கழுதை ஏறியவர் எல்லாரும் பட்டியலில் உண்டு. கழுதை ஏறுவது அந்தக் காலத் தண்டனை.

பட்டியலின் மறுபக்கம் கொஞ்சம் கசக்கும். வேதம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலேயே இது பிராமணர் சபை என்பது தெரிந்துவிடும். அந்த ஊரின் வயலில் உழுதவர், ஏரியில் தூர் எடுத்தவர், குயவர், கொல்லர், தறி நெய்தவர் யார் பெயரும் குடத்துக்குள் போகாது. பெண்கள் பெயரும் போகாது. இத்தனைக்கும் சோழர் கால ஆவணங்களில் நிலம் வைத்திருந்த, விற்ற பெண்கள் இருக்கிறார்கள், பிராமணப் பெண்ணானால் பக்கத்தில் முதுகண் என்று ஓர் ஆண் பொறுப்பாளர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற ஊர்களில் வெள்ளாளர்களின் ஊர்ச் சபையும் வணிகர்களின் நகரமும் தனியாக இருந்தன. அங்கேயும் நிலமோ கடையோ இல்லாதவருக்கு இடம் இல்லை.

கால் வேலி என்றால் எவ்வளவு?

பிற்காலத் தஞ்சை அளவில் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். அந்தக் கணக்கில் கால் வேலி ஒன்றரை ஏக்கர் சொச்சம். சோழர் காலத்தில் அளவுகோல் ஊருக்கு ஊர் மாறும், அதனால் இதை உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பண்ணையார்களுக்கான வரம்பு என்று சொல்ல முடியாது. ஒரு விலக்கும் உண்டு: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நன்றாகக் கற்றவரானால் அரைக்கால் வேலி போதும். படிப்புக்குப் பாதி நிலம் தள்ளுபடி.

நிபந்தனையில் முக்கியமான சொல் அளவு அல்ல, வரி. அது இறை கட்டுகிற நிலமாக இருக்க வேண்டும். சும்மா வந்த இறையிலி நிலத்தைக் காட்டி உள்ளே வர முடியாது. ஊரின் வரிச் சுமையில் தோள் கொடுப்பவன்தான் ஊர்ப் பணத்தைத் தொடலாம் என்பது அவர்கள் தர்க்கம். இந்தத் தர்க்கம் உலகத்தில் ரொம்ப நாள் ஓடியது. நம் நாட்டிலேயே பிரிட்டிஷ் காலத் தேர்தல்களில் சொத்தும் வரியும் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. வயது வந்த எல்லோருக்கும் என்று ஆனது 1950 அரசியல் சட்டத்துக்குப் பிறகுதான்.

நிலம் ராஜா கொடுத்தது என்றாலும் அதை விற்க முடிந்தது, கோயிலுக்கு எழுதி வைக்க முடிந்தது, ஒத்திக்கு விட முடிந்தது. சபையே ஊர்ப் பொது நிலத்தை விற்றுப் பொன் வாங்கிக்கொண்ட கல்வெட்டுகள் நிறைய. வாங்குபவர் வரி இல்லாமல் வேண்டும் என்றால், எதிர்கால வரிக்கும் சேர்த்து ஒரு தொகையை முன்கூட்டிக் கொடுப்பார். அதன் வட்டியில் சபை வரியைக் கட்டிவரும். கிட்டத்தட்ட பேங்க் டெபாசிட்.

கட்டாதவருக்கு? இதற்கு உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊரான உக்கலில் பதில் இருக்கிறது, ஆனால் அது 90 வருஷம் பிந்தியது, ராஜராஜனின் 24-ஆம் ஆட்சியாண்டு. பிராமணர், வைகானசர், சமணர் ஊர்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டு முழு வருஷம் வரி பாக்கி வைத்தவர் நிலத்தை அந்தந்த ஊராரே எடுத்து விற்றுவிடலாம் என்று ராஜா உத்தரவு போட்டான். தானமாக வந்த நிலமானாலும் ஜப்தி உண்டு என்று ஆயிற்று.

இதே போன்ற பிரச்சினை ஐரோப்பாவில் எப்படி ஓடியது என்று பார்த்தால் ஹங்கேரி நல்ல உதாரணம். அங்கே பிரபுக்களின் நிலம் ராஜா கொடுத்தது. 1222-இல் இரண்டாம் ஆண்ட்ராஸ் மன்னனை நெருக்கிப் பொன் முத்திரைச் சாசனம் என்ற ஒன்றை வாங்கினார்கள். முழு மாவட்டத்தையே ஒருவருக்கு நிரந்தரமாகத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால் மகளுக்குச் சொத்தில் கால் பங்கு, மீதியை அவர் விரும்பியபடி எழுதலாம் என்றெல்லாம் அதில் வரும். 1351-இல் லாயோஷ் மன்னன் அந்த விருப்ப உரிமையை நீக்கி, நிலம் பங்காளிகளுக்குத்தான் போக வேண்டும் என்றான். பங்காளி இல்லாவிட்டால் ராஜாவுக்கே திரும்பும். நிலத்தை இஷ்டப்படி விற்க முடியாத அந்த ஏற்பாடு 1848 வரை நீடித்தது. உத்திரமேரூர்க்காரர் தன் பங்கை விற்றுவிட்டுப் போகலாம். ஹங்கேரிப் பிரபு நானூறு வருஷம் கழித்தும் சித்தப்பா பிள்ளையைக் கேட்காமல் விற்க முடியாது. அதே சமயம் ஹங்கேரியில் மகளுக்கு எழுத்தில் ஒரு கால் பங்கு இருந்தது, இங்கே குடத்தில் அவளுக்கு ஓலையே இல்லை.

தங்கக் கூரை, ஏரி, தக்கோலம்

உச்சத்தில் இருந்தபோது பராந்தகன் சிதம்பரம் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான். வீரநாராயணன் என்பது அவன் பட்டப் பெயர். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வெட்டிய பெரிய ஏரிக்கு அந்தப் பெயரே நின்றது, இன்றைய வீராணம். அதையொட்டி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பிரமதேயம். ஏரி ஒரு பக்கம், அதன் பாசனத்தில் தான ஊர் மறு பக்கம். நிலம் கொடுப்பதும் தண்ணீர் கொடுப்பதும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதி என்பது இங்கே நன்றாகத் தெரியும்.

ராஷ்டிரகூடரோடு சமாதானமாகப் போகவும் பார்த்தான். மகள் வீரமாதேவியை அவர்களின் மன்னன் நான்காம் கோவிந்தனுக்குக் கொடுத்தான். கோவிந்தன் பட்டம் இழந்தான், அந்த உறவு வீணாயிற்று. வடக்கிலிருந்து ஆபத்து வரும் என்று மூத்த மகன் ராஜாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூர்ப் பக்கம் படையோடு வைத்திருந்தான். கேரள வீரர்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள்.

949-இல் அந்த ஆபத்து வந்தது. மூன்றாம் கிருஷ்ணனின் படையும் கங்க இளவரசன் பூதுகனும் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் மோதினார்கள். யானை மேல் இருந்தபடியே ராஜாதித்தன் கொல்லப்பட்டான். கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று கிருஷ்ணன் போட்டுக்கொண்டான். தொண்டை மண்டலக் கோயில்களில் சோழ ராஜா ஆண்டுக்குப் பதிலாகக் கன்னரதேவன் ஆண்டு எழுத ஆரம்பித்தார்கள். பராந்தகன் கட்டிய ராஜ்ஜியம் அவன் கண் முன்னாலேயே பாதியாகச் சுருங்கியது. ஆறு வருஷம் கழித்து இறந்தான். அடுத்து வந்தவன் இரண்டாவது மகன் கண்டராதித்தன். செம்பியன் மாதேவியின் கணவன் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும்.

மதுரையும் கையைவிட்டுப் போயிற்று. முடி கிடைக்கவே இல்லை. தக்கோலத்தில் மூத்த மகனும் போனான். ஆனால் உத்திரமேரூரில் சபை தொடர்ந்து கூடியது. அடுத்த பத்து இருபது வருஷத்தில் பார்த்திவேந்திரவர்மன் பெயரில் அங்கே வரிசையாகக் கல்வெட்டுகள்: நில விற்பனை, கோயில் தானம், ஏரிக்கு ஏற்பாடு. ராஜா மாறினார், ஆண்டுக் கணக்கு மாறியது. கால் வேலிக்காரர்கள் அப்படியே இருந்தார்கள்.

அவர்கள் உட்கார்ந்த வாரியம் என்ற சொல்லும் போகவில்லை. கரண்ட் போனால் திட்டுகிறோமே, அந்த மின்வாரியம். லாரித் தண்ணீருக்கு போன் போடுகிறோமே, அந்தக் குடிநீர் வாரியம். 2004 முதல் அந்தக் குடிநீர் வாரியம் சென்னைக்குக் குழாய் வழியாகக் கொண்டுவரும் தண்ணீரில் ஒரு பங்கு வீராணத்துத் தண்ணீர்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சுமார் 30 கி.மீ. வைகுண்டப் பெருமாள் கோயில் இப்போது இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. போனால் பானைப் படத்துக்காக ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்படியே அந்த மண்டபச் சுவரில் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் என்று வெட்டியிருக்கும் இடத்தையும் யாரையாவது காட்டச் சொல்லிப் பாருங்கள்.